ஒன்றும் செய்யாத பத்து நிமிடம்

வண்டி நடுவழியில் நின்று போனால் பிரெஞ்சில் அதற்கு 'பான்' என்று பெயர். கார், லிப்ட், மின்சாரம், எது நின்றாலும் பான்தான். இந்தச் சொல் கடலிலிருந்து கரைக்கு வந்தது என்று எங்கள் முசியே வகுப்பில் சொல்லியிருக்கிறார். பாய்மரக் கப்பல் காலத்தில், சில பாய்களைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, கப்பலை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கும் வேலைக்கு மாலுமிகள் அந்தப் பெயரைச் சொன்னார்களாம். அவர்கள் வேண்டும் என்றே நிறுத்தினார்கள். வேண்டாம் என்கிற இடத்தில் தானாக நிற்கும் இன்ஜினுக்கும் அதே பெயர் வந்து சேர்ந்துவிட்டது.

நான் எழுதப் போவது அப்படி நின்ற ஒரு படகு இன்ஜினைப் பற்றி. படகு என் அக்காள் மகன்கள் இருவருக்கும் பொது. அக்காள் வாழ்க்கைப்பட்டது வீராம்பட்டினத்தில். 2004 டிசம்பர் 26-க்கு முன்பு அவர்கள் வீட்டில் கட்டுமரம்தான் இருந்தது. சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் முழுக்க பைபர் படகும் இன்ஜினும் வந்தபோது இவர்களுக்கும் வந்தது. அந்தக் காலத்தில் நான் மீன்வளத் துறையில் குமாஸ்தா. எத்தனை படகு, எத்தனை வலை, எத்தனை இன்ஜின் என்று பட்டியல் எழுதி எழுதி விரல் தேய்ந்தது. ஆனால் இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரியாது. இன்றும் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன், ஏப்ரல் கடைசி வாரம். தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது அல்லவா? அப்போது சின்னப் படகுக்காரர்கள் கொண்டு வரும் மீனுக்கு நல்ல விலை. வருடத்தில் நாலு காசு பார்க்கிற காலம் அதுதான். அந்த நேரம் பார்த்து இவர்கள் இன்ஜின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மெக்கானிக்குகளும் சுலபத்தில் கிடைக்கவில்லை. தடைக்காலத்தில்தான் பெரிய படகுகளின் இன்ஜின்களை எல்லாம் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள்.

இன்ஜின் செய்தது இதுதான். கரையில் ஹேண்டில் போட்டால் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். முகத்துவாரத்தைத் தாண்டி வேகம் கொடுத்தால் கால் மணி நேரம் ஜோராக ஓடும். பிறகு சத்தம் இறங்கும். மூச்சு வாங்குகிற மாதிரி இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கி, நின்றுவிடும். உடனே ஹேண்டில் போட்டால் பிடிக்காது. பில்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டி, குழாயில் இருக்கிற காற்றை எடுத்துவிட்டு, மறுபடி ஹேண்டில் போட்டால் பிடிக்கும். எல்லோருக்கும் சந்தோஷம். கால் மணி நேரத்தில் திரும்பவும் அதே கதை.

பில்டரை மாற்றினார்கள். ஓடியது, நின்றது. டீசல் குழாயின் இணைப்புகளை எல்லாம் இறுக்கினார்கள். ஓடியது, நின்றது. மெக்கானிக் ஒருவர் ராத்திரியில் வந்து நாசிலைக் கழற்றி சர்வீஸ் செய்து கொடுத்தார். கரையில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார், ஒரு தடவைகூட நிற்கவில்லை. மறுநாள் கடலில் நின்றது. அடுத்தது பம்ப் என்றார்கள். அதற்குள் பத்தாயிரத்துக்கு மேல் செலவாகியிருந்தது.

பணத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். ஒரு நாள் திரும்பி வரும்போது முகத்துவாரத்திலேயே நின்றுவிட்டது. தேங்காய்த்திட்டு முகத்துவாரம் எப்படிப்பட்டது என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல் தூர்ந்து மேடு தட்டிக் கிடக்கும், அந்த மேட்டில் அலை உடையும், இரண்டு பக்கமும் கருங்கல். இன்ஜின் இல்லாத படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கவிழ்வதற்கு ஓர் அலை போதும். நாலு பேர் இருந்தார்கள். நங்கூரத்தைப் போட்டுத் தலையை அலைக்கு நேராக வைத்துக்கொண்டு, பின்னால் வந்த படகு கயிறு வீசி இழுக்கும் வரை நின்றிருக்கிறார்கள். இளையவன் என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கை மட்டும் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் வெடித்தது. டீசல் வாங்கி வருகிறவன் இளையவனின் மகன், 19 வயசுப் பையன். பெரியவன் அவனைப் பார்த்து, "வெளியில மலிவா கலப்பட டீசல் வாங்கி ஊத்திட்டு மீதிக் காச அடிக்கிறே" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டான். பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். மறுநாளிலிருந்து கடலுக்கு வரவில்லை, பெரியப்பா வீட்டுப் பக்கமும் போகவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

அக்காள் போன் செய்தாள். "தம்பி, ரெண்டு பேரும் படக வித்துப் பிரிச்சிக்கப் போறானுங்களாம். நீ வந்து ஒரு வார்த்த கேளு."

போனேன். முதலில் பையனைத்தான் பார்த்தேன். "தாத்தா, பங்க்லதான் வாங்கினேன். பில்லு கேட்டா எங்க போறது, யாரு வச்சிருக்கா?" என்றான்.

டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். டீசல் தண்ணீரை விட இலேசு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு போட்ட மாதிரி நிற்கும். கேனின் அடியிலிருந்து பிடித்து வைத்தோம். காலையில் பார்த்தால் ஒரே நிறம், கோடு இல்லை. பெரியவன் சமாதானம் ஆகவில்லை. "அன்னிக்கு ஊத்துன டீசல் தீந்து போச்சு மாமா, இது வேற" என்றான். வார்த்தை கடுமையாக இருந்தாலும் கணக்கு சரிதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் கணக்குப் போட்டால் ஒன்பதால் சரிபார்க்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு பெருக்கல் குறி மாதிரி சிலுவை போட்டு அதன் நாலு மூலையிலும் எண் எழுதுவோம். 47-ஐ 38-ஆல் பெருக்கினால் 1786. 47-இன் இலக்கங்களைக் கூட்டினால் 11, மறுபடி கூட்டினால் 2. 38-க்கும் அதே 2. இரண்டையும் பெருக்கினால் 4. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 22, அதாவது 4. சரி. ஆனால் யாராவது 1786 என்பதை மாற்றி 1768 என்று எழுதியிருந்தாலும் அதே 4-தான் வரும். முசியே இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: சோதனை ஒத்து வராவிட்டால் விடை நிச்சயம் தப்பு, ஒத்து வந்தால் விடை சரி என்று அர்த்தம் இல்லை.

வீராம்பட்டினத்துத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் செய்த ரிப்பேர்களை ஒவ்வொன்றாகக் கேட்டபோது எனக்கு அந்தச் சிலுவைதான் நினைவுக்கு வந்தது. பில்டரைத் துடைத்தோம், ஓடியது. இணைப்பை இறுக்கினோம், ஓடியது. நாசிலை மாற்றினோம், ஓடியது. எல்லா வைத்தியமும் கேட்கிறது, ஒரு வைத்தியமும் நிலைக்கவில்லை. அப்படியானால் எல்லா வைத்தியத்திலும் பொதுவாக இருந்தது என்ன?

"நின்னதுக்கும் திரும்ப ஹேண்டில் போடுறதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டேன்.

"பில்டர் கழட்டி மாட்டணும், காத்து எடுக்கணும்... பத்து நிமிஷம் ஆவும் மாமா."

"ஒண்ணும் செய்யாம பத்து நிமிஷம் சும்மா இருந்து பாத்தீங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கடலில் இன்ஜின் நின்று போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார யாருக்கு மனசு வரும்? யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை.

இன்ஜின் பற்றி எனக்குத் தெரிந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டீசல் இன்ஜினில் தீப்பொறி வைக்க பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, இருபது மடங்கு அழுத்தினால் அது கொதித்துச் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நிற்கிறது என்றால் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். டீசல் வருகிறதா, காற்று வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா, விசிறியில் வலையோ கயிறோ சுற்றிக்கொண்டதா? புகையும் பேசும். காற்றுப் போதாமலோ பாரம் அதிகமாகியோ திணறினால் கரும்புகை தள்ளும். எண்ணெய் எரிந்தால் நீலம். இவர்கள் இன்ஜின் நிற்கும்போது கரும்புகை இல்லை. அழுத்தம் குறைந்திருந்தால் காலையில் ஒரே சுற்றில் பிடிக்காது. மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அணைவது, பசியில் சாகிற இன்ஜினின் சாவு. டீசல்தான் போய்ச் சேரவில்லை.

(இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல், பெற்றோர் ஜெர்மானியர் என்றாலும், 1858-இல் பாரீசில் பிறந்தவர். 1913-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ராத்திரி ஏறியவர் காலையில் கப்பலில் இல்லை. அவரையும் கடல்தான் கொண்டு போயிற்று.)

கரையில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியதற்கும் இதிலேயே விடை இருந்தது. கரையில் பாரம் இல்லை, டீசல் சொட்டுச் சொட்டாகப் போனால் போதும். கடலில் முழு வேகம் கொடுத்தால் அந்த அளவு இன்ஜின் மணிக்கு இரண்டு லிட்டர் போலக் குடிக்கும். வழியில் எங்கோ ஒரு தடங்கல், அதிகமாக இழுத்தால் மட்டும் அடைக்கிறது, இழுப்பதை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் தானே திறந்துகொள்கிறது. அலுவலகத்தில் கோப்பு காணாமல் போனால் எல்லா பீரோவையும் திறக்க மாட்டோம். எந்த மேசை வரை வந்து கையெழுத்து ஆகியிருக்கிறது என்று பதிவேட்டைப் பார்ப்போம். அதற்கு அடுத்த மேசையில் இருக்கும். அதே வேலைதான்.

கடலுக்குப் போகாமல் அரியாங்குப்பம் ஆற்றிலேயே, கரைக்கு அருகில், முழு வேகத்தில் போய் வரச் சொன்னேன். நானும் ஏறிக்கொண்டேன். பெரியவன் சுக்கான் பக்கம், இளையவன் இன்ஜின் பக்கம், பேச்சுவார்த்தை இல்லாததால் இருவரும் என்னிடமே பேசினார்கள். "அவன வேகத்தக் குறைக்கச் சொல்லுங்க மாமா." "அவருகிட்ட சொல்லுங்க மாமா, குறைச்சாச்சுன்னு." ஆறு அடி தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரன்.

பதினெட்டு நிமிடத்தில் நின்றது. இளையவன் ஸ்பேனரை எடுத்தான். "வை கீழ" என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆற்றங்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார்கள், பெரியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்து நிமிடம் ஆனதும் ஹேண்டில் போடச் சொன்னேன். நாலைந்து சுற்றில் பிடித்துக்கொண்டது.

பில்டரை யாரும் தொடவில்லை. காற்றை யாரும் எடுக்கவில்லை. இதுவரை செய்த பத்தாயிரம் ரூபாய் வேலையும் ஒன்றும் செய்யாத பத்து நிமிடமும் ஒரே பலனைக் கொடுத்தன. அந்த மெக்கானிக் ஏமாற்றவில்லை, அவர் செய்த வேலை அவர் கண்ணுக்குப் பலித்தது. சும்மா விட்டாலே சரியாகிற கோளாறுக்கு எந்த வைத்தியம் செய்தாலும் பலிக்கத்தானே செய்யும்?

பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் முடிந்தது. இவர்கள் டீசலை 25 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் படகின் அடியில் வைத்து, மூடி வழியாகக் குழாய் விட்டு, இன்ஜினின் சின்னப் பம்ப் உறிஞ்சுவது மாதிரி அமைத்திருந்தார்கள். மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடமாகி டீசல் ஏறாது. இது எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினோம். நின்றது. ஆக, துளை இல்லை. அடுத்து, வேறு எதையும் மாற்றாமல், அதே குழாயை எடுத்துப் பக்கத்துப் படகிலிருந்து வாங்கிய வேறு கேனில் விட்டோம். இங்கே நான் பிடிவாதமாக இருந்தேன். குழாயையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றான் பெரியவன். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். ஒரு தடவைக்கு ஒன்றுதான்.

ஒரு மணி நேரம் ஓடியது. ஒன்றரை மணி நேரம். சூரியன் இறங்கிவிட்டது. நிற்கவில்லை.

கரைக்கு வந்து பழைய கேனின் டீசலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். ஒன்றும் இல்லை. கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினோம். அப்போது துணியில் விழுந்தது, ஐந்து ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிய வட்டமாக ஒரு தகடு. வெள்ளி நிறம், காகிதம் மாதிரி மெல்லியது. ஆயில் கேன்களின் வாயில் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்குமே, அந்த சீல்தான். அது முன்பு ஆயில் இருந்த கேன். திறந்தவர் யாரோ சீலைப் பிய்க்காமல் குத்தித் திறந்திருக்கிறார். கழுத்தின் உட்பக்கம் மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, டீசல் பட்டுப் பட்டுப் பசை ஊறி, ஒரு நாள் உள்ளே விழுந்திருக்கிறது. குழாய் உறிஞ்சும்போது நீந்தி வந்து குழாயின் வாயை மூடும். இன்ஜின் நின்று உறிஞ்சல் அடங்கியதும் கழன்று போகும். மெதுவாக உறிஞ்சினால் வந்து ஒட்டுகிற அளவுக்கு இழுப்பு இல்லை.

இளையவன் அதை விரலில் ஒட்டி வைத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, இத்தனை நாள் கழித்து முதல் தடவையாக, அண்ணனைப் பார்த்து நேராகப் பேசினான்.

"இதுக்குத்தாண்ணே எம் புள்ளைய திருடன்னு சொன்னே."

பெரியவன் பதில் சொல்லவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தான்.

கேனில் குழாய் விட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாயின் நுனியை நேராக வெட்டாமல் பேனா முள் மாதிரி சாய்வாக வெட்டுங்கள். பிறகு எது வந்து ஒட்டினாலும் வாய் முழுக்க மூடாது. புதுக் கேன் வாங்கினால் கழுத்துக்குள் விரலை விட்டு ஒரு சுற்று தடவிப் பாருங்கள்.

மறுநாள் விடியற்காலை நான் அக்காள் வீட்டுத் திண்ணையில்தான் படுத்திருந்தேன். பெரியவன் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்று பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். பையன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தான். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் இல்லை. நம் ஜனங்களுக்கு அது வாயில் வராது. இரண்டாயிரம் ரூபாயை எண்ணாமல் பையன் கையில் வைத்து, "இருவது லிட்டர் வாங்கியாடா. பில்லு கில்லுலாம் ஒண்ணும் வேணாம்" என்றான்.

பையன் போய் வாங்கி வந்தான். கேனை இறக்கி வைத்துவிட்டு, மீதிச் சில்லறையோடு, நாலாக மடித்த பில்லையும் பெரியப்பா கையில் கொடுத்தான்.